நாலு வீல்சேருக்கு ரெண்டு திருடர்கள்

அத்தியாயம் 4

திருடியவர்கள் இல்லவே இல்லை என்று சாதிப்பதைத்தான் கமா இத்தனை நாளும் பார்த்திருந்தான். எடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்று அடம்பிடிக்கும் ஒருவரை அன்று காலை பதினோரு மணிக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

"நாலு வீல்சேரையும் நான்தான் எடுத்தேன். எங்க கையெழுத்து போடணும்?" என்றார் ஸ்டோர் அக்கா.

அந்த நர்சிங் ஹோமில் எல்லோருக்கும் அவர் ஸ்டோர் அக்காதான். முதலாளியான டாக்டரம்மாவே அப்படித்தான் கூப்பிடுவார். பஞ்சு, ஊசி, கையுறை, படுக்கை விரிப்பு என்று தரையிலிருந்து கூரைவரை அடுக்கி வைத்திருந்த அந்த நீளமான அறையில் பத்தொன்பது வருஷமாக அவர் வைத்ததுதான் சட்டம். பெரிய சர்ஜனாக இருந்தாலும் சீட்டு எழுதிக் கொடுக்காமல் ஒரு ஜோடி கையுறை வாங்கிவிட முடியாது.

கமா நோட்டைத் திறந்தான். "நாலையும் எப்படி அக்கா கொண்டு போனீங்க?"

"பஸ்ல."

"ஒரே நாள்லயா?"

"ஒவ்வொண்ணா."

"கண்டக்டர் ஒண்ணும் கேக்கலயா?"

ஸ்டோர் அக்கா கொஞ்சம் யோசித்தார். "மடக்கிக் கொண்டு போனேன்."

"மடக்காமலே போயிருக்கலாமே. சீட் கிடைக்கலேங்கற கவலையாவது இல்லாம இருந்திருக்கும்."

கமாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மேடத்துக்கு வரவில்லை. மேடம் ஸ்டோர் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்ளும்போதுகூட அந்தக் கை, சரிந்திருந்த கையுறைப் பெட்டி ஒன்றை நேராக்கி அடுக்கிக்கொண்டிருந்தது.

மேடம் ஒரு அச்சகத்தில் இருபத்தேழு வருஷம் புரூஃப் திருத்தியவர். அச்சகத்தை மூடியதும் வீட்டு வாசலில் துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டினார். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்து அவரிடமே சம்பளம் வாங்குவதுதானே, இரண்டும் ஒரே தொழில்தான் என்பது அவர் கட்சி. வேண்டியவர்கள் அவரை முற்றுப்புள்ளி என்பார்கள், வேண்டாதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வாயை மூடவே தெரியாத உதவியாளனுக்குக் கமா என்று பெயர் வைத்தது மேடமேதான்.

விவகாரம் இவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன் வந்த பில்லில் வீல்சேர் பத்து. நர்சிங் ஹோமில் எண்ணிப் பார்த்தால் ஆறு. பத்தும் வந்து சேர்ந்தது என்று பில்லில் ஸ்டோர் அக்காவின் கையெழுத்து. டாக்டரம்மாவின் தம்பிதான் நிர்வாகி. அவர் போலீஸ் புகாரை டைப் அடித்துத் தயாராக வைத்துவிட்டார். விசாரிக்காமல் கொடுக்கக் கூடாது என்று வெளியூரிலிருந்த டாக்டரம்மா போனில் சொன்னதால் மேடத்தைக் கூப்பிட்டிருந்தார். டாக்டரம்மா நாலு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் புகாரோடு சேர்த்துப் பின் அடித்துவிடலாம் என்பது நிர்வாகியின் திட்டம். பின் அடிக்கிற மெஷினைக்கூட மேஜைமேல் எடுத்து வைத்திருந்தார்.

"நிர்வாகி உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டார் மேடம்.

"ஒண்ணு உங்க கையெழுத்து பொய், இல்லாட்டி உங்க பையன் செஞ்ச பக்கம் பொய்னாரு." ஸ்டோர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பையன் செஞ்சது பொய் இல்ல. எழுதிக்குங்க."

*

பையன் அதே நர்சிங் ஹோமில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். மாடியில் லிஃப்ட் மோட்டாருக்கும் பழைய பீரோவுக்கும் நடுவே மிஞ்சிய இடத்துக்குக் கம்ப்யூட்டர் அறை என்று பெயர். இவர்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றான்.

"அம்மா எதுவும் பண்ணல. எடுத்தது நான்தான்."

கமா பேனா மூடியைக் கழற்றினான். "நீங்க எந்த பஸ்ல போனீங்க?"

"என்னது?"

"விடுங்க. நாலும் இப்ப எங்க?"

"வித்துட்டேன்."

"யார்கிட்ட?"

"ஒருத்தர்கிட்ட. ஞாபகமில்ல."

"பாருங்க மேடம்," என்று திரும்பினான் கமா. "அரை மணி நேரத்துல ரெண்டு திருடங்க கிடைச்சாச்சு. வீல்சேர்தான் ஒண்ணுகூட கிடைக்கல. ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சு எழுதிக்கலாமா?"

மேடம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "தம்பி, அம்மா எடுத்திருப்பாங்கன்னு நீங்க நினைக்கறீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "பக்கத்துல பத்துன்னு தெளிவா இருக்கு. அவங்க கையெழுத்தும் இருக்கு. நான் வேற என்ன நினைக்கறது? ஏதோ கஷ்டம் போலிருக்கு. என்கிட்டகூட சொல்லல."

"அது என்ன எல்லாரும் பக்கம் பக்கம்னு சொல்றீங்க? காட்டுங்க."

ஒரே ஒரு தாள். மேலே கம்பெனி முத்திரை, கட்டம் போட்ட பட்டியல், கீழே கையெழுத்துக்கு ஒரு பெட்டி. பட்டியலில் நாலாவது வரி: வீல்சேர், 10. பார்க்கக் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது.

"இதுதான் கம்பெனி அனுப்பின பில்லா?"

"இல்ல மேடம். இப்பல்லாம் பேப்பர்ல பில் வர்றதில்ல. ஃபைலா வருது. அது கம்ப்யூட்டர் படிக்கறதுக்கு. மனுஷன் படிச்சா ஒண்ணும் புரியாது. முதல் தடவ சார் அதைத் திறந்து பாத்துட்டு வைரஸ் வந்துடுச்சுன்னு கத்தினாரு. அதனால நான் ஒரு புரோகிராம் எழுதினேன். ஃபைலைப் போட்டா, பழைய பில் மாதிரி இப்படி ஒரு பக்கம் வரும்." அவன் குரலில் அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"அப்ப பில்லுங்கறது எது? இதுவா, ஃபைலா?"

"சட்டப்படி ஃபைல்தான். இது சும்மா பாக்கறதுக்கு."

"ஃபைலை யாரு பாத்திருக்காங்க?"

"யாரும் கேட்டதே இல்ல மேடம்."

"நான் கேக்கறேன். அப்படியே பிரிண்ட் போடுங்க."

"இருபத்தாறு பக்கம் வரும். சார் திட்டுவாரு."

"என் ஃபீஸ்ல கழிச்சுக்கச் சொல்லுங்க."

பிரிண்டர் முனகி முனகித் தள்ளியது. முதல் தாளைப் பார்த்ததும் கமாவுக்குத் தலை சுற்றியது. அடைப்புக்குறிக்குள் வார்த்தை, அதற்குள் இன்னொரு அடைப்புக்குறி, நடுநடுவே எண்கள். யாரோ கீபோர்டில் தலையை வைத்துத் தூங்கிவிட்டதுபோல் இருந்தது. நிர்வாகி கத்தியதில் தப்பே இல்லை என்று நினைத்தான்.

மேடம் அந்தக் கட்டை அவனிடம் நீட்டினார். ஒரு பக்க பில்லைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"சத்தமாப் படி. புள்ளி, அடைப்பு எதையும் விடாதே."

"எல்லாத்தையுமா?"

"அச்சகத்துல அப்படித்தான். ஒருத்தர் மூலத்தைப் படிப்பாங்க, இன்னொருத்தர் புரூஃப்ல டிக் அடிச்சுக்கிட்டே வருவாங்க. தப்பா இருக்கறது தானா கண்ணுல படும். விட்டுப்போனது படாது. அதுக்கு இதைத் தவிர வேற வழி கிடையாது."

கமா தொண்டையைச் செருமிக்கொண்டான். "அடைப்பு திற, விற்பவர், அடைப்பு மூடு. அடைப்பு திற, பெயர், அடைப்பு மூடு..."

மேடத்தின் பென்சில் ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தது. ஒன்பதாவது தாளில் கமாவின் குரல் கட்டியது. பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"மேடம், இதுல இருக்கற அடைப்பை எல்லாம் பிடுங்கி நட்டா நம்ம தெருவுக்கே வேலி போட்டுடலாம்."

"படி."

பதினாலாவது தாள். "பொருள், வீல்சேர். எண்ணிக்கை, ஆறு. டெலிவரி இடம், இந்த நர்சிங் ஹோம் அட்ரஸ்."

பென்சில் நின்றது. "எத்தனை?"

"ஆறு."

"பக்கத்துல பத்துன்னு இருக்கே. மேல படி."

கமா பதினைந்தாவது தாளைப் புரட்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போது அவனுக்கே சுவாரசியம் வந்துவிட்டது. "பொருள், வீல்சேர். மறுபடியும் வீல்சேர் மேடம்! எண்ணிக்கை, நாலு. டெலிவரி இடம், வடக்கு வட்டச் சாலைக் கடைசி, பழைய நூல் மில்லுக்கு எதிர்க் கட்டடம்."

பையனின் முகம் வெளுத்துவிட்டது. தாளைப் பிடுங்கி இரண்டு முறை பார்த்தான். "ஒரே பொருள் ரெண்டு வரியில வந்தா என் புரோகிராம் கூட்டி ஒரே வரியாக் காட்டிடும். அட்ரஸும் முதல்ல இருக்கறத மட்டும்தான் எடுக்கும்."

"அப்படி ஏன் எழுதினீங்க?"

"முதல்ல அப்படி எழுதல மேடம். எல்லாமே வர்ற மாதிரிதான் எழுதினேன். ஒவ்வொரு பில்லும் மூணு பக்கம் வந்துச்சு. பேப்பர் வீணாகுது, எதையாவது சுருக்கி ஒரே பக்கத்துல அடக்குன்னு சார்தான் சொன்னாரு."

"சார்னா?"

"நிர்வாகி சார்."

கமா தொடையில் தட்டினான். "மாட்டினாருடா மகராசன்! நாலை வேற இடத்துக்கு அனுப்பிட்டு, அது தெரியாம இருக்கப் பக்கத்தையே சுருக்கச் சொல்லியிருக்காரு. நம்மளைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டும் கேக்கறாரு. என்ன தைரியம்!"

மேடம் மிச்சத் தாள்களை வாங்கிக்கொண்டு எழுந்தார். "வண்டியை எடு. இதை நான் வழியில படிச்சுக்கறேன்."

*

கமாவின் வேன் ஓடியது. கமாவின் வாயும் ஓடியது. நிர்வாகி நாலையும் யாருக்கோ விற்றுப் பையில் போட்டுக்கொண்டார், பழி அக்கா தலையில் விழுந்தது என்று கதையை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். மேடம் பென்சிலோடு படித்துக்கொண்டே வந்தார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது ஒரு தாளை மட்டும் தனியாக உருவி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

"என்ன மேடம் அது?"

"நாலு மணிக்குச் சொல்றேன்."

நூல் மில்லுக்கு எதிரே இருந்தது ஒரு முதியோர் இல்லம். வாசல் மரநிழலில் நாலு புத்தம்புது வீல்சேர்கள் வரிசையாக நின்றன. நாலிலும் ஆள் இருந்தது. யாருடையது நன்றாக ஓடுகிறது என்று அவர்களுக்குள் காரசாரமான வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாள் இவர்களை உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"ஆமா, வந்துச்சு. இனாமா வந்துச்சு. யாரு அனுப்பினாங்கன்னு சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன்."

"ஆம்பளையா, பொம்பளையா?" என்றான் கமா.

"அதுவும் கண்டிஷன்லதான் வரும்."

"என்னம்மா இது! அவனவன் ஒரு டியூப்லைட் வாங்கிக் குடுத்துட்டு வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதுமேல பேரை எழுதி வெக்கறான். நாலு வீல்சேர் குடுத்துட்டு ஒருத்தர் ஒளிஞ்சுக்கறாரா?"

பொறுப்பாளர் அம்மாள் அசையவில்லை. கிளம்பும்போது வரிசையில் கடைசியாக இருந்த பெரியவர் கமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அனுப்பினவங்களத் தெரியுமா உனக்கு? இடது பக்க பிரேக் சரியாப் பிடிக்கல. சொல்லிடு."

வேனில் ஏறியதும் கமாவின் கதையில் ஓட்டை விழுந்துவிட்டது. விற்றிருந்தால் சரி. இனாமாகக் கொடுப்பதற்கு எவனாவது திருடுவானா?

*

நாலு மணிக்கு டாக்டரம்மாவின் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். டாக்டரம்மா நேராக ஏர்போர்ட்டிலிருந்து வந்திருந்தார், பெட்டி இன்னும் கதவோரமாக நின்றது. நிர்வாகி புகாரையும் பின் அடிக்கிற மெஷினையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஸ்டோர் அக்காவும் பையனும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அக்கா, இவங்க ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்க," என்று டாக்டரம்மாவிடம் ஆரம்பித்தார் நிர்வாகி.

"அதுதான் சிக்கல்," என்றார் மேடம். "அம்மா பஸ்ல கொண்டு போனாங்களாம். பையன் பேர் தெரியாத ஆளுக்கு வித்தானாம். வீல்சேர் நாலும் ஒரு முதியோர் இல்லத்துல இருக்கு. இப்பதான் பாத்துட்டு வர்றோம். கம்பெனி வண்டி நேரா அங்கதான் இறக்கியிருக்கு. இந்த வாசல் பக்கமே அது வரல. வராததை எப்படித் திருட முடியும்?"

மேடம் கண்ணைக் காட்ட, கமா பதினைந்தாவது தாளைப் படித்தான். அடைப்பு உட்பட. பக்கத்தை யார் சுருக்கச் சொன்னது என்பதையும் கூடவே சேர்த்துக்கொண்டான்.

நிர்வாகிக்கு வேர்த்துவிட்டது. "நான் பேப்பரத்தான் மிச்சம் பிடிச்சேன்! அந்த இல்லம் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. சத்தியமா அக்கா!"

ஸ்டோர் அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். "அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணேனே சார். வண்டியில ஆறுதான் வந்துச்சு, பக்கத்துல பத்துன்னு இருக்கேன்னு கேட்டேன். மிச்சம் பின்னால வரும், கையெழுத்து போடுங்கன்னீங்க."

நிர்வாகி பின் மெஷினைப் பார்த்தார். "சொல்லியிருப்பேன்," என்றார்.

"அப்புறம் ஏன் எடுத்தேன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பத்துன்னு இருக்கறது தப்புன்னா அது பையன் செஞ்ச தப்பு. வேலை போயிடும். எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வேலை? அதான்."

பையன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்த அட்ரஸை இன்னொரு தடவ படிங்க," என்றார் மெதுவாக.

கமா படித்தான். மேடம் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"இருபத்திரண்டாவது தாள். கடைசியில குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. அதுவும் அந்த ஒரு பக்கத்துல வராது. கம்பெனி கிளார்க் டைப் அடிச்சிருக்காரு. 'டாக்டரம்மா போனில் சொன்னபடி நான்கு வீல்சேர் முதியோர் இல்லத்துக்கு. தான் கொடுத்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.'"

யாருக்கும் தெரியக் கூடாது என்பதைப் பில்லிலேயே டைப் அடித்து அனுப்பிய அந்தக் கிளார்க்கைக் கமா மனசுக்குள் கும்பிட்டான். அதைவிட வேடிக்கை, ரகசியம் நிஜமாகவே யாருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மாவின் சொந்த நர்சிங் ஹோம் கம்ப்யூட்டரிலேயே மூன்று மாதமாகத் திறந்து கிடந்தது.

"நான் அதைத் தனி பில்லாப் போடச் சொன்னேன்," என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கிவிட்டது. "என் சொந்தச் செலவுன்னு சொன்னேன். ஏர்போர்ட்ல இருந்து அவசரத்துல பேசினது. இங்க நாலு குறையுதுன்னு தம்பி சொன்னப்போ, இங்க வாங்கினதே பத்துன்னு நினைச்சுட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு தோணவே இல்ல."

நிர்வாகி புகாரை எடுத்துச் சத்தமில்லாமல் தன் ஃபைலுக்கு அடியில் செருகிக்கொண்டார். ஒரு நல்ல காரியத்தை ஒளித்துச் செய்யப் போய், இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பார்கள். கமாவுக்கு இதில் கிண்டல் செய்ய ஏகப்பட்டது இருந்தது. ஸ்டோர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "மனசுல வெச்சுக்காதீங்க அக்கா."

"ஒண்ணு கேக்கலாமா டாக்டர்? நான் எடுத்திருப்பேன்னு நீங்க நினைச்சீங்களா?"

"சேச்சே. ஒரு நிமிஷம்கூட நினைக்கல."

"அப்ப எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே. ஏர்போர்ட்ல இருந்து வீல்சேருக்கெல்லாம் போன் போடறீங்க."

ஸ்டோர் அக்கா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். புடவை முந்தியில் முடிந்திருந்த கனமான சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, என்னம்மா இது," என்று பக்கத்தில் வந்தான் பையன். "அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. நீயும் என்னைச் சந்தேகப்பட்ட, நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். சரியாப் போச்சு."

"எது சரியாப் போச்சு? நீ தப்பாச் செஞ்சுட்டியோன்னுதான் நான் நினைச்சேன். திருடிட்டன்னு நினைக்கல." ஸ்டோர் அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ போய் வேலையைப் பாரு. வீட்டுல பேசிக்கலாம்."

அவர் மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதில் நிதானமாக ஒரு வரி எழுதி டாக்டரம்மாவிடம் தள்ளினார்.

"நாப்பத்தொரு சாவி. எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அது விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். பதினெட்டில் கணக்கு விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஸ்டோர் அக்கா அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றார்.